கர்ப்ப காலச் சர்க்கரையும் வீட்டு எண்ணெயும்: சமையலறையைப் படிப்படியாக மாற்றும் முறை

கர்ப்ப காலத்தில் சர்க்கரை என்று கிளினிக்கில் சொன்னதும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து வீடுகளில் முதலில் மறைந்துபோவது சீனி டப்பா. அடுத்து தட்டில் சோறு குறையும். எண்ணெய்ச் சட்டியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. நினைப்பவர்களும் எண்ணெயே வேண்டாம் என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அந்தப் பசியைப் பிஸ்கட்டாலும் கஞ்சியாலும் தீர்த்துக்கொள்கிறார்கள்.

முதல் பிள்ளையின்போது நான் செய்ததும் அதுதான். 26ஆம் வாரத்தில் சர்க்கரை தெரியவந்ததும் எண்ணெயை அறவே விட்டேன். கிரீம் கிராக்கரும் சோற்றுக் கஞ்சியுமாக நாளை ஓட்டினேன். இரண்டே வாரத்தில், சாப்பிட்ட பின் எடுக்கும் அளவு முன்னைவிட ஏறிவிட்டது. இரண்டாம் பிள்ளையின்போதும் சர்க்கரை வந்தது, ஆனால் கீழே எழுதியிருக்கும் வரிசையில் பன்னிரண்டாம் வாரத்திலேயே வேலையைத் தொடங்கியிருந்ததால், கடைசிவரை உணவிலேயே கட்டுப்பட்டு நின்றது. அதன் பிறகு எங்கள் தாமான் குடியிருப்பிலும் பக்கத்துத் தோட்டத்திலும் பல கர்ப்பிணிகளோடு உட்கார்ந்து இதே வேலையைச் செய்திருக்கிறேன். இடறும் இடங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன.

கொழுப்பை நீக்குவது இங்கே நோக்கம் அல்ல. எந்தக் கொழுப்பு, எவ்வளவு, எந்த நேரத்தில் என்ற மூன்றையும் மாற்றுவதுதான் வேலை. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், சாப்பாடு மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம் என்பதால், மருத்துவரிடமோ மிஸ்ஸி என்று நாம் அழைக்கும் தாதியிடமோ சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள், அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பதிந்து, தாயின் உடல்நலக் குறிப்புகளை எழுதும் பிங்க் புத்தகத்தை வாங்கிவிடுங்கள். குளுக்கோஸ் நீர் குடித்துச் செய்யும் எம்.ஜி.டி.டி. பரிசோதனை உங்களுக்கு எப்போது என்று அன்றைக்கே கேட்டு அதில் எழுதிக்கொள்ளுங்கள். உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) 27க்கு மேல் இருப்பவர்கள், முன் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ நீரிழிவு உள்ளவர்கள், 4 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் ஆகியோருக்குப் பதியும்போதே செய்வார்கள். இயல்பாக வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் செய்வார்கள். வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டாலும், 25 வயதை எட்டியவர்களுக்கு அந்த 24 முதல் 28 வாரத்தில் ஒரு முறை உண்டு.

இந்தத் தேதியை முதலில் கேட்பதற்குக் காரணம், சமையலறை மாற்றம் பரிசோதனைக்குப் பின் தொடங்கும் வேலை அன்று, அதற்கு முன்பே நடந்துகொண்டிருக்க வேண்டிய வேலை என்பதுதான்.

பொருள்களாக வேண்டியவை சொற்பம்: 15 மில்லி மேசைக்கரண்டியும் 5 மில்லி தேக்கரண்டியும் உள்ள அளவுக் கரண்டிக் கொத்து, ஒரு நோட்டுப் புத்தகம், கிளினிக்கில் கொடுத்திருந்தாலோ வாங்கியிருந்தாலோ சர்க்கரை பார்க்கும் கருவி.

எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் யார் சமைக்கிறாரோ அவரையும் முதல் நாளே உட்காரவைப்பது. நம் வீடுகளில் கர்ப்பிணி சமைப்பது குறைவு. அத்தையோ அம்மாவோதான் சமைப்பார். மருமகள் மட்டும் படித்துத் தெரிந்துகொண்டு, "அத்தை, இனிமேல் எண்ணெயைக் குறையுங்கள்" என்று அடுப்பருகில் சொல்லும்போது அது சமையலில் குறை சொல்வதாகவே கேட்கும். அதைவிட, "அத்தை, கிளினிக்கில் அளந்து எழுதச் சொல்கிறார்கள், கொஞ்சம் கூட இருந்து அளந்து கொடுக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அளவுக் கரண்டியை அவர் கையில் கொடுத்த வீடுகளில்தான் மாற்றம் நின்றிருக்கிறது.

2. கொழுப்பு எப்படிச் சர்க்கரையில் தலையிடுகிறது

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், பிள்ளைக்குச் சத்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தாயின் உடலை இன்சுலினுக்கு மந்தமாக்குகின்றன. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதை ஈடுகட்டுகிறது. ஈடுகட்ட முடியாத உடலில் சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. நம் இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இது நேரும் வாய்ப்பு கூடுதல்.

குளிரில் எளிதில் உறையும் வகையான நிறைவுற்ற கொழுப்பு, குறிப்பாகப் பாமாயிலிலும் இறைச்சிக் கொழுப்பிலும் உள்ள பால்மிட்டிக் அமிலம், அளவுக்கு மீறிச் சேரும்போது தசையிலும் ஈரலிலும் இன்சுலினின் கட்டளை போய்ச் சேராமல் தடுக்கும் பொருள்கள் உருவாகின்றன. ஏற்கெனவே மந்தமான இடத்தில் இன்னும் ஒரு மந்தம் கூடுகிறது. அமெரிக்கத் தாதியரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், கர்ப்பத்துக்கு முன் விலங்குக் கொழுப்பு அதிகம் எடுத்தவர்களுக்கும், வெளியில் பொரித்த உணவை அடிக்கடி சாப்பிட்டவர்களுக்கும் கர்ப்ப காலச் சர்க்கரை கூடுதலாக வந்திருந்தது.

அதற்காகக் கொழுப்பையே வெட்டக் கூடாது. ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் 2017இல் வெளியான சோதனையில், 8 முதல் 12 வாரத்தில் இருந்த கர்ப்பிணிகளில் ஒரு பிரிவினரிடம் எல்லாக் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார்கள். மற்றப் பிரிவினருக்கு நாளொன்றுக்கு 40 மில்லி ஆலிவ் எண்ணெயும் ஒரு கைப்பிடி பிஸ்தாவும் சேர்க்கச் சொன்னார்கள். முதல் பிரிவில் 23.4 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 17.1 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை வந்தது. நல்ல கொழுப்பைச் சேர்த்தவர்களே நன்றாக இருந்தார்கள். நான் எண்ணெயை அறவே விட்டதில் இருந்த பிழையும் இதுதான். அதோடு ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேரவும், பிள்ளையின் மூளையும் கண்ணும் வளரவும் கொழுப்பு வேண்டும்.

3. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் அளக்கவும்

எல்லாரும் தாண்டிக் குதிக்கும் படி இது. இன்று எவ்வளவு எண்ணெய் போகிறது என்று தெரியாமல் குறைத்தால், குறைத்தோமா இல்லையா என்பதே தெரியாது.

ஒரு வாரத்துக்கு வழக்கம்போல் சமைக்கட்டும். எண்ணெயைச் சட்டியில் ஊற்றுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மேசைக்கரண்டியால் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், கிட்டத்தட்ட 120 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் எண்ணெயில் 9.

எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் இப்படி அளந்தோம். அரசாங்க மானிய விலையில் 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம். அதன் மூலையைக் கத்தரியால் சிறிதாக வெட்டி, சம்பால் சட்டியில் மூன்று சுற்றுச் சுற்றி ஊற்றுவது அந்த அத்தையின் வழக்கம். அந்த மூன்று சுற்றையும் கிண்ணத்தில் ஊற்றச் சொன்னோம். 11 மேசைக்கரண்டி வந்தது. ஐந்து பேருக்கு அந்த ஒரு சம்பாலில் மட்டும் தலைக்கு 30 கிராம். அத்தை கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இவ்வளவா ஊத்துறேன்?" என்றார். அதற்குப் பிறகு யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அளக்க நேரம் இல்லாத வீட்டில் மாதக் கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 6 பொட்டலம் தீர்ந்தால், 6,000 கிராமை ஐந்தாலும் முப்பதாலும் வகுக்க, தலைக்கு ஒரு நாளைக்கு 40 கிராம். பொரித்த பிறகு கொட்டும் எண்ணெயை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணியின் பங்குக்குச் சமையலில் சேரும் எண்ணெய் 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி அளவில் நின்றால் போதும். மீன், முட்டை, பால், கடலை வழியாக மேலும் கொழுப்பு வரத்தான் போகிறது.

இங்கே நேரும் பிழை, அளக்கும் வாரத்திலேயே வெட்கப்பட்டுக் கையைச் சுருக்குவது. அப்படி எழுதிய கணக்கு பிறகு எதற்கும் உதவாது.

4. இரண்டாம் வாரம்: அன்றாட எண்ணெயை மாற்றவும்

அளவைக் குறைப்பதற்கு முன் வகையை மாற்றுகிறோம். ருசி அதிகம் மாறாத மாற்றம் என்பதால் வீட்டில் எதிர்ப்பு குறைவு.

பாமாயில் தரும் செம்பனை நம் ஊரைச் சுற்றி வளர்கிறது, அந்த எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது, நம்மில் பலர் அந்தத் தோட்டத்து வேலையில்தான் படித்து ஆளானோம். பாமாயில் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. இந்த ஒன்பது மாதத்துக்கு அன்றாடம் அதையே முழுதாக நம்பியிருக்க வேண்டாம் என்கிறேன். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு 15 முதல் 20 விழுக்காட்டுக்குள், சூரியகாந்தியில் 11 அளவில், கனோலாவில் 7 அளவில் இருக்கிறது.

நிறைவுற்ற கொழுப்பு நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2,000 கலோரி என்று வைத்தால் அது 22 கிராம். 25 கிராம் பாமாயிலிலேயே 12 கிராம் போய்விடும். மீதி 10 கிராமில் தேங்காய்ப்பால், பால், கோழி எல்லாம் அடங்க வேண்டும், அடங்காது. அதே 25 கிராம் கடலை எண்ணெய் என்றால் 5 கிராமுக்குள் முடிந்துவிடும்.

விலை ஒரு தடை என்பது எனக்குத் தெரியும். ஆகவே முழு வீட்டுக்கும் மாற்றச் சொல்வதில்லை. பொரியலுக்கும் தாளிப்புக்கும் கர்ப்பிணி சாப்பிடும் குழம்புக்கும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ கனோலாவோ ஒரு போத்தல். எப்போதாவது பொரிப்பதற்குப் பொட்டல எண்ணெய். ஆலிவ் எண்ணெய் வாங்கும் வசதி இருந்தால் நல்லது, இல்லையென்று கவலைப்பட வேண்டாம். மாட்ரிட் சோதனையில் நல்லெண்ணெய் இல்லை, ஆனால் கொழுப்பின் வகையைப் பார்த்தால் பாமாயிலைவிட அது எவ்வளவோ நெருங்கி நிற்கிறது.

போத்தலில் கடலை படம் போட்டிருப்பதை நம்பி வாங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. பின்பக்கத்தில் எது முதலில் எழுதியிருக்கிறதோ அதுதான் அதிகம். "சாவிட்" என்ற மலாய்ச் சொல் முதலில் இருந்தால் அது பெரும்பாலும் பாமாயில். "கச்சாங் தானா", "பிஜான்" என்பவை பின்னால் வந்தால் கடலையும் எள்ளும் வாசனைக்குத்தான்.

அளவு அதற்குப் பிறகு. சம்பாலை எண்ணெய் பிரியும்வரை வதக்குவதை நிறுத்த வேண்டாம், ருசி அதில்தான் இருக்கிறது. வதங்கியதும் சட்டியை ஒரு பக்கம் சாய்த்துவைத்து, ஐந்து நிமிடத்தில் ஓரத்தில் தேங்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். அந்த அத்தையின் வீட்டில் முதல் நாள் நான்கு மேசைக்கரண்டி எடுத்தோம். அடுத்த முறை அவரே ஊற்றும்போது இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டார்.

5. தேங்காய்ப்பால், நெய்

தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. தேங்காய் எண்ணெய் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பி காலையில் ஒரு கரண்டி விழுங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

200 மில்லி தேங்காய்ப்பால் பொட்டலத்தில் சுமார் 40 கிராம் கொழுப்பு இருக்கும். ஐந்து பேர் சாப்பிடும் குழம்பில் ஒரு பொட்டலம் என்றால் தலைக்கு நிறைவுற்ற கொழுப்பு 7 கிராம் அளவு; வாரத்தில் ஓரிரு நாளைக்குத் தாங்கும். குருமாவில் பாதிப் பொட்டலமும் பாதித் தயிரும் சேர்க்கலாம். தேங்காயைத் துருவிப் பிழியும் வீட்டில் முதல் பாலை விட்டு இரண்டாம் பாலில் சமைக்கலாம். மற்ற நாள்களில் புளிக்குழம்பு, ரசம், சாம்பார், தாலிச்சா என்று நம்மிடம் தேங்காய்ப்பால் இல்லாத குழம்புக்குப் பஞ்சம் இல்லை.

ஒன்பதாம் மாதத்தில் நெய் குடித்தால் பிள்ளை வழுக்கிக்கொண்டு வரும் என்பார்கள். நெய் போவது இரைப்பைக்கு. கருப்பைக்கு அங்கிருந்து வழி கிடையாது. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் 8 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பாட்டி ஆசையோடு தரும்போது மறுக்க மனம் வராது. சூடான இட்லியில் அரைத் தேக்கரண்டி என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

6. வெளியில் பொரித்தவையும் கண்ணுக்குத் தெரியாதவையும்

முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வில், வீட்டில் பொரித்ததைவிட வெளியில் பொரித்ததோடுதான் தெளிவான தொடர்பு தெரிந்தது. ஒட்டுக்கடையில் அதே எண்ணெய் காலையிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். பீசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்), வடை, பொரித்த கோழி ஆகியவற்றை வாரம் ஒரு முறை என்று வைத்து, அந்த நாளையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

தேநீரில் ஊற்றும் டின்பாலும் கவனிக்க வேண்டியது. கடைகளில் "கிரிமர்" என்று எழுதி விற்பது பெரும்பாலும் சீனியும் செம்பனைக் கொழுப்பும் சேர்ந்த கலவை. பாக்கெட்டில் வரும் மூன்று-இன்-ஒன்று பானங்களும் அப்படியே. பரோட்டா போன்ற ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி, அதன் கொழுப்பு பிசையும்போதே உள்ளே போய்விடுவதால் மேலே துடைத்தாலும் வராது. தோசை அதைவிட எவ்வளவோ மேல், எண்ணெயைச் சுற்றி ஊற்றாமல் தடவினால்.

7. மூன்றாம் வாரம்: சேர்க்க வேண்டியவை

குறைத்தது ஒரு பக்கம் என்றால், காலியான இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். அந்த இடம் சோற்றுக்கும் பிஸ்கட்டுக்கும் போகக் கூடாது.

மீன் முதலில். வாரத்தில் இரண்டு மூன்று வேளை கெம்போங் (கானாங்கெளுத்தி), மத்தி, நெத்திலி போன்ற சிறிய மீன்கள். டின் சார்டினும் பரவாயில்லை, அதன் சாற்றைப் பாதி வடித்துவிட்டு வெங்காயம் தக்காளி போட்டுச் சமைத்தால். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் தவிர்க்க வேண்டும். மீனெண்ணெய் மாத்திரை போதாதா என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 2,400 கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், அது கர்ப்ப காலச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. பிள்ளைக்கு வேண்டிய சத்துக்காக மருத்துவர் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மருந்தாக நினைக்காதீர்கள்.

அடுத்தது கடலை. 2019இல் இங்கிலாந்தில் 1,200க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த இன்னொரு சோதனையிலும், ஆலிவ் எண்ணெயோடு தினமும் 30 கிராம் பருப்பு வகைக் கொட்டைகள் சாப்பிட்ட பிரிவில் சர்க்கரை குறைவாகவே வந்தது. பாதாம் விலை கட்டாவிட்டால் அவித்த கச்சான் (வேர்க்கடலை) ஒரு கைப்பிடி போதும். பூஞ்சை பிடித்ததையும் கசப்பதையும் எறிந்துவிடுங்கள். ஈப்போ புந்தோங்கில் விற்கும் கலவைத் தீனியான கச்சான் பூத்தே எனக்கும் பிடிக்கும், ஆனால் அந்தப் பொட்டலத்தில் பாதி முறுக்கும் பொரித்த மாவும்தான். வறுத்த கடலையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கடலையைச் சாப்பாட்டோடு கூடுதலாகச் சேர்ப்பது பிழை. மாலை நேரத்து வடையின் இடத்தில்தான் அது வர வேண்டும், இல்லாவிட்டால் எடை ஏறும்.

8. இரவுச் சாப்பாட்டின் நேரம்

காலை வெறும் வயிற்று அளவு மட்டும் இறங்காமல் நிற்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, நேற்றிரவு எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து கணவர் வீடு வர ஒன்பதரை ஆகும். அதுவரை காத்திருந்து, இருவருமாக ரொட்டி சானாயும் கோழிக் கறியும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குகிறது. பல மணி நேரத்துக்குப் பிறகும் இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் கூடியிருந்து இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. ஈரல் இரவெல்லாம் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது, காலையில் அளவு உயர்ந்து நிற்கிறது.

ஏழு மணிக்குள் கர்ப்பிணி தன் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும்: ஒரு சிறு கிண்ணம் சோறு அல்லது இரண்டு தோசை, மீன் அல்லது பருப்பு, நிறையக் கீரை அல்லது காய். கணவர் வந்ததும் அவரோடு உட்கார்ந்து அரைக் குவளைப் பாலும் பத்துப் பாதாமும், அல்லது ஒரு கைப்பிடி அவித்த கச்சானும் எடுத்துக்கொள்ளலாம். சேர்ந்து சாப்பிடுவது அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்ததால்தான் இந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். வெறும் வயிற்றோடு படுப்பதும் நல்லது அன்று.

9. எம்.ஜி.டி.டி. பரிசோதனை நாள்

பரிசோதனையில் "பாஸ்" ஆக வேண்டும் என்று மூன்று நாள் சோற்றை விட்டு, முட்டையும் பொரித்த கோழியுமாக இருப்பவர்கள் உண்டு. இது இரண்டு விதத்தில் கெடுதல். மாவுச்சத்தே இல்லாமல் இருந்த உடல், திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் உள்ளே வரும்போது தடுமாறி, இல்லாத சர்க்கரையையும் காட்டக்கூடும். உண்மையிலேயே சர்க்கரை இருந்து, எப்படியோ அது தெரியாமல் போனாலோ, கவனிப்பு தவறிப்போவது பிள்ளைக்கு.

ஆகவே மூன்று நாள் முன்பிருந்தே வழக்கமான சோற்றோடு சாப்பிடுங்கள். முந்தின இரவு எண்ணெய் குறைந்த வீட்டுச் சாப்பாடு. அதன் பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். கிளினிக்கில் முதல் இரத்தம் எடுத்ததும் குளுக்கோஸ் நீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். வாந்தி எடுத்தால் மறைக்காமல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், மறுநாள் திரும்பவும் வர வேண்டியிருந்தாலும் சரி. இரண்டாம் இரத்தம் எடுத்ததும் சாப்பிட இட்லியோ அவித்த முட்டையோ கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பசியில் கால்கள் வாசலில் தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடைக்குத்தான் போகும்.

வெறும் வயிற்றில் 5.1, இரண்டாம் மணியில் 7.8 மில்லிமோல், இரண்டில் ஒன்று எட்டினாலும் தாண்டினாலும் கர்ப்ப காலச் சர்க்கரை என்று குறிப்பார்கள். இங்கே எழுதிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வரலாம். குடும்பத்து நீரிழிவும் நஞ்சுக்கொடியின் ஹார்மோனும் நம் கையில் இல்லாதவை. அதற்காக எந்தப் பெண்ணும் தன்னைக் குற்றவாளியாக நினைக்கக் கூடாது, வீட்டில் யாரும் அப்படிப் பேசவும் கூடாது.

10. கருவி காட்டுவதும் காட்டாததும்

சர்க்கரை என்று குறித்தபின் வீட்டில் கருவியில் பார்க்கும்போது, பொதுவாகக் கொடுக்கும் எல்லை வெறும் வயிற்றில் 5.3, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8. உங்களுக்கு கிளினிக்கில் எழுதிக் கொடுத்ததையே பின்பற்றுங்கள். அளவை மட்டும் எழுதாமல், பக்கத்தில் என்ன சாப்பிட்டோம், எந்த எண்ணெய், எத்தனை கரண்டி என்பதையும் எழுதுங்கள்.

தேங்காய்ப்பாலோ பொரித்ததோ சாப்பிட்ட நாளில் இரண்டாம் மணியிலும் ஒரு முறை குத்திப் பாருங்கள். என் நோட்டில் இருப்பது: ஒரு கிண்ணம் சோறும் கெம்போங் புளிக்குழம்பும் கீரையும் சாப்பிட்ட நாள், முதல் மணியில் 6.9, இரண்டாம் மணியில் 6.1. ஏறக்குறைய அதே அளவு சோறு நாசி லெமாக்காக: முதல் மணியில் 7.2, இரண்டாம் மணியில் 8.0. முதல் மணியோடு நிறுத்தியிருந்தால் நாசி லெமாக் எனக்கு ஒத்துக்கொள்கிறது என்றே நம்பியிருப்பேன். கொழுப்பு சர்க்கரையின் ஏற்றத்தைத் தள்ளிப்போட்டிருந்தது.

மிகவும் புத்திசாலியான பெண்கள் விழும் பள்ளம் இன்னொன்று. சோறு இல்லாமல் பொரித்த கோழி மட்டும் சாப்பிட்டால் அளவு அழகாக நிற்கிறது என்று சில நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கருவி சர்க்கரையை மட்டுமே காட்டும், கொழுப்பைக் காட்டாது. தாயின் இரத்தத்தில் கூடும் கொழுப்பும் பிள்ளையைப் பருக்கவைக்கும். மாவுச்சத்து நாளொன்றுக்கு 175 கிராமுக்குக் குறையக் கூடாது. அதை மூன்று வேளைக்கும் இடைத்தீனிக்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும்.

அதனால் கருவியோடு எடையையும் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்தவர் மொத்தத்தில் 11.5 முதல் 16 கிலோவும், சற்றுக் கூடுதலாக இருந்தவர் 7 முதல் 11.5 கிலோவும், உடல் பருமனாக இருந்தவர் 5 முதல் 9 கிலோவும் ஏறலாம். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று சொல்பவர்களிடம் பிங்க் புத்தகத்தில் எடை எழுதிய பக்கத்தைக் காட்டுங்கள்.

எல்லை மீறிய அளவுகள் தொடர்ந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். மெட்ஃபார்மினோ இன்சுலினோ தேவை என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தைத் தள்ளிப்போட எண்ணெய்க் கணக்கை இன்னும் இறுக்குவது பிள்ளையைப் பட்டினி போடுவதில்தான் முடியும்.

11. பிரசவத்துக்குப் பின்

பத்தியச் சாப்பாட்டில் நல்லெண்ணெய் தாராளமாகப் போகும்; வகை நல்லதுதான், அளவுக் கரண்டியை மட்டும் எடுத்துவைத்துவிடாதீர்கள். பால் ஊற வேண்டும் என்று சுறாப் புட்டு கேட்பார்கள். அதற்குப் பதில் பூண்டுக் குழம்பும் மத்தி மீனும் கொடுக்கலாம்.

ஆறாம் வாரத்தில் எம்.ஜி.டி.டி. மறுபடியும் செய்ய வேண்டும், அதன் பிறகு ஆண்டுக்கொரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். கர்ப்ப காலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். ஆனாலும் அதிகம் பேர் தவறவிடுவது இந்தப் பரிசோதனையைத்தான். பிள்ளை அழும், தூக்கம் இருக்காது, கொண்டுபோய் விட ஆள் இருக்காது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அன்றே அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு, அன்றைக்கு இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் வருவார் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.